உடையாத இலை

நம் கண்ணாடிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டுமென்றால் உட்கார வேண்டும். எனக்கு உட்காரத்தான் வராது. இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. அடுப்பில் ஒன்றுமே இல்லை. மூட்டு வலியும் இளைப்பும் வந்து பட்டறையை விட்ட பிறகும் இந்த வியாதி மட்டும் என்னை விடவில்லை.

பாட்டிலை எப்படி வெட்டுவது, உலையை எவ்வளவு சூடாக்குவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. கொஞ்ச நாள் கையைச் சுட்டுக்கொண்டால் அதெல்லாம் தானாக வந்துவிடும். தானாக வராதது ஒன்று இருக்கிறது. ஒரு வேலை நல்லதா கெட்டதா என்று தெரியாது, தெரிந்துகொள்ள முழு வழியும் இல்லை, வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், நீங்கள் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு இழந்தது நானில்லை, கௌதமி.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுரங்கக்காரர்களுக்காக வரிசை வரிசையாகக் கட்டின ஊரிகம் லைன் வீட்டுப் பெண். பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடியும் முன்பே ரயில், இருட்டின பிறகு வீடு. நானும் அந்த ரயிலில்தான் பல வருஷம் போனேன், மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் கம்பெனிக்கு. தங்கச் சுரங்கம் மூடின பிறகு இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு என்பதால் அதைப் பெரிதாக விவரிக்க வேண்டியதில்லை. கௌதமிக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. இவள் கிளம்பும்போது அது தூங்கும், வரும்போதும் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவின் முழு முகமும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் பாதியை ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் நம் பட்டறைக்குக் கொடுத்துவிடுவாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணாடித் துண்டு எட்டாத மூலையில் உட்கார வைத்துவிட்டு வேலை செய்வாள்.

அவள் கையில் கண்ணாடி சொன்ன பேச்சு கேட்கும். குப்பையில் கிடந்த இருமல் மருந்து பாட்டிலை வெட்டி ஒரு விளக்கு செய்தாள் என்றால், அதைப் பார்த்தவர்கள் மருந்து பாட்டில் என்றால் நம்பமாட்டார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் அவசரக்காரி, என் வேலையில் அந்த அவசரம் தெரியும். அவள் வேலையில் அவள் தெரியமாட்டாள், கண்ணாடிதான் தெரியும்.

ஊரிகம் புத்த விகாரையில் இருந்து ஒரு வேலை வந்தது. கூடத்தின் கூரையில் ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கீழே கண்ணாடியில் ஒரு பெரிய அரச இலை தொங்க வேண்டும். காலை வெயில் அதன் வழியாகத் தரையில் விழ வேண்டும். புத்த பூர்ணிமாவுக்குள் முடிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு பாட்டில் கொடுப்பார்கள். நான் யோசிக்காமல் கௌதமியைக் கை காட்டினேன். அவள் வீட்டில் பேசி, ஒரு ஒப்பந்தம் மாதிரி முடிவு செய்தார்கள். இவள் பெங்களூர் வேலையை விடலாம். இந்த இலை நன்றாக அமைந்து, அதைப் பார்த்து வேறு வேலைகள் வந்தால் பட்டறையிலேயே இருந்துகொள்ளலாம். வரவில்லை என்றால் மறுபடியும் ரயில். கௌதமி வேலையை விட்டாள். குழந்தையைத் தானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஆரம்பித்தாள். அவள் நடையே மாறிவிட்டது.

பாட்டில் சேர்த்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. விகாரையின் செக்ரட்டரி, சுரங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்த பென்ஷன்காரர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சாராய பாட்டில் ஒண்ணுகூட வரக்கூடாது. பஞ்சசீலம் சொல்ற எடம் இது." முதல் வாரம் ஊறுகாய் ஜாடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொஞ்சம் வந்தன. அதற்குப் பிறகு வரத்து நின்றுபோனது. செக்ரட்டரிக்குக் கவலை வந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு சாயங்காலம் பேப்பரில் சுற்றி நாலு பாட்டில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "லேபிள கழுவிட்டா எல்லாம் கண்ணாடிதாம்மா" என்றார். மறுநாளிலிருந்து பை பையாக வந்து குவிந்தது. அவ்வளவும் பளபளவென்று கழுவி, ஒரு எழுத்துகூடத் தெரியாமல்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி ஆறும்போது சுருங்கும். எல்லா பாட்டிலும் ஒரே அளவு சுருங்காது. ஒரு பாட்டில் கண்ணாடியையும் வேறு பாட்டில் கண்ணாடியையும் சேர்த்து உருக்கி ஆறவைத்தால், ஒன்று அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், இன்னொன்று விடாது. உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் யாரும் தொடாமலே உடையும். அது நாளைக்கும் இருக்கலாம், வருஷம் கழித்தும் இருக்கலாம், உடையாமலே போனாலும் போகலாம். அதனால்தான் நம் பட்டறையில் ஒரு துண்டுக்கு ஒரே பாட்டில் என்று வைத்திருந்தோம்.

கௌதமி வரைந்த முதல் படமும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு ஒரு சதுரம், எல்லாச் சதுரமும் சேர்ந்து ஒரு இலை. அதை விகாரையில் விரித்துக் காட்டினோம். கூடத்தில் இருந்தவர்கள் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு அம்மா சொன்னார்: "இன்னாம்மா இது, கட்டம் கட்டமா. எங்க லைன் வீடு மாதிரியே கீது." இன்னொருவர் சொன்னார்: "சாதின்னு சொல்லித் தனித்தனியா வெச்சதுல இருந்து வெளிய வர்றதுக்குத்தாம்மா எங்க தாத்தாமாரு இங்க வந்தாங்க. இதுலயும் தனித்தனியா?" கௌதமி படத்தைச் சுருட்டினாள். அவளும் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவள்தானே.

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். எல்லா வீட்டு பாட்டிலையும் உடைத்து, அரிசி நொய் மாதிரி பொடித்து, ஒன்றாகக் கலந்து, அச்சில் கொட்டி உருக்கினாள். பொடித்துக் கலந்தால் இழுபறி குறையும் என்பது உண்மைதான். சின்னச் சின்ன வில்லைகளாக முதலில் செய்து பார்த்தோம். மேஜையில் போட்டு வாரக்கணக்கில் பார்த்தோம். ஒன்றும் உடையவில்லை. அந்த வில்லைகளைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், பச்சையும் பழுப்பும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிப்போய், எது எந்த வீடு என்று சொல்ல முடியாது. விகாரைக்காரர்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். லைன் வீடு மாதிரி என்று சொன்ன அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிதாகவே செய்யலாம் என்று நானும் சொன்னேன்.

நம் உலை சின்னது. அதனால் இலையைப் பல பெரிய துண்டுகளாக வார்த்து, இரும்புச் சட்டத்தில் பொருத்தினோம். சட்டம் செய்தவர் மேஸ்திரி. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் எழுதவில்லை. சுரங்கம் மூடும்வரை உள்ளே வேலை பார்த்தவர். வெடி வைத்த பிறகு முதலில் உள்ளே போய், மேலே தொங்கும் கல்லை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கும் கூட்டத்தில் இருந்தவர். கணீரென்று சத்தம் வந்தால் கல் திடமாக இருக்கிறது. பொத்தென்று வந்தால் விழப்போகிறது. இந்தச் சத்தத்தை வைத்து எத்தனையோ பேரை உயிரோடு மேலே அனுப்பியவர். பட்டறைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எந்தப் பொருள் முடிந்தாலும் ஒரு சின்னக் கம்பியால் தட்டுவார். "கணீர்னு கீது. போட்டும்" என்பார். நாங்கள் கட்டி அனுப்பிவிடுவோம். விரிசல் விட்ட பொருள் அவரிடம் தப்பாது. இந்த ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கின காது பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினோம்.

இலையின் ஒவ்வொரு துண்டையும் அவர் தட்டினார். எல்லாம் கோயில் மணி மாதிரி ஒலித்தது. பூர்ணிமாவுக்கு முன்பே கொண்டுபோய்த் தொங்கவிட்டோம். மறுநாள் காலையில் வெயில் வந்து அந்த நிறமெல்லாம் தரையில் விழுந்தபோது செக்ரட்டரி வெறுங்காலோடுகூட அதன் மேல் மிதிக்காமல் சுற்றிப் போனார். கௌதமி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூர்ணிமாவுக்கு முந்தின நாள் முற்பகல், பட்டறையில் நான் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காற்றடிக்கிற நாளில், சுரங்கத்துச் சக்கையைக் கொட்டின சயனைடு மேட்டுத் தூசி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக வந்து உட்காருமே, அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அலமாரிப் பக்கம். இலைக்கு வார்த்ததில் மிச்சமான துண்டுகளை அங்கேதான் வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. மேஸ்திரி வந்தார். சொன்னேன்.

"தகரம்க்கா. வெயில் ஏறிச்சுன்னா அப்பிடித்தான் கத்தும்."

"தகரச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எறும்பு நடந்தாக்கூட கேக்கும். சும்னே இருங்கக்கா" என்று சிரித்தார். ஒரு துண்டை எடுத்துத் தட்டினார். கணீரென்றது.

நான் பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். டீ போட்டேன், குடிக்கவில்லை. கல்லைத் தட்டும் கம்பிக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கல் ஏற்கெனவே பிளந்திருந்தால் சத்தம் மாறும். கண்ணாடி இன்னும் பிளக்கவில்லை. பிளக்கும் நொடிவரை அது ஒரே துண்டுதான், கணீரென்றுதான் சொல்லும். வேறு எந்த ஊரில் இந்தப் பட்டறை வைத்திருந்தாலும் சத்தத்தை இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம். இந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பழைய வில்லைக் கம்பெனியில் கண்ணாடிக்குள் இருக்கும் இழுபறியைப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்கு வேண்டிய கறுப்புத் தாள் உடைந்த தட்டை டிவித் திரையிலேயே ஒட்டியிருக்கும். இரண்டு தாளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்தால் வெளிச்சமே வராது. நடுவில் நல்ல கண்ணாடியை வைத்தாலும் இருட்டுதான். உள்ளே இழுபறி இருக்கும் கண்ணாடி என்றால், இழுக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையாகக் கசியும். பஜாரில் டிவி மெக்கானிக் கடைக்குப் போய், தூக்கிப் போட வைத்திருந்த ஒரு திரையில் இருந்து தாளை உரித்து வாங்கி வந்தேன்.

மிச்சத் துண்டை நடுவில் வைத்தேன். வெளிச்சம் கசிந்தது. எல்லா இடத்திலும் இல்லை. அங்கங்கே, பொடி சரியாகப் பொடிபடாமல் கட்டியாக இருந்த இடங்களைச் சுற்றி, மங்கலாக ஒரு வெள்ளை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது எவ்ளோ இருந்தா ஆபத்து?"

"தெரியாது."

"கம்பெனியில சொல்லித் தரலியா?"

"அங்க துளி இருந்தாலும் தூக்கிப் போட்டுடுவாங்க. எவ்ளோ தாங்கும்னு யாரும் பாத்ததில்ல."

"அப்ப, தெரியாதத வெச்சுக்கினு தெரிஞ்சத தள்ளச் சொல்றீங்க" என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகச் சொன்னார். ஆனாலும் ஏணியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

விகாரையில் மறுநாளுக்கான வேலை ஓடிக்கொண்டிருந்தது. கொடி கட்டியிருந்தார்கள், பாய் விரித்திருந்தார்கள், சமையலுக்குக் கல் அடுப்பு வைத்துவிட்டார்கள். மேஸ்திரி கூரை மேல் ஏறி ஒரு தாளை இலையின் மேல் பிடித்தார். நான் ஏணியில் நின்று இன்னொரு தாளைக் கீழே பிடித்தேன். துண்டு துண்டாக நகர்த்திப் பார்த்தோம். சில துண்டுகள் இருட்டாக இருந்தன. சிலவற்றில் அதே மங்கல் வெள்ளை. நடுவில் இருந்த பெரிய துண்டில் கொஞ்சம் அதிகம்.

செக்ரட்டரி கீழே நின்றுகொண்டு, "இன்னா பாக்கிறீங்க, இன்னா பாக்கிறீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து சொன்னேன்.

"வெடிக்குமா, வெடிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாதத்துக்கா எறக்கணும்? பெங்களூர்ல இருந்து பிக்கு வர்றாரு. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம். ஒவ்வொரு வீடும் அவங்க பாட்டில பாக்க வர்றாங்கம்மா."

எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு குடம் தண்ணீரை எடுத்து, கையோடு கொண்டுவந்து வெயிலில் வைத்திருந்த மிச்சத் துண்டின் மேல் ஊற்றிக் காட்டிவிடலாம், உடைந்தால் பேச்சு முடிந்தது என்று குடத்தில் கை வைத்தேன். மேஸ்திரி புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். "அதுல நல்ல கண்ணாடிகூட உடையும்க்கா. அப்பிடி ஜெயிக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. அவசரத்தில் ஒரு பொய்ச் சாட்சியைத் தயார் பண்ணுவது ரொம்பச் சுலபம். இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு கௌதமி வந்தாள். ஏணியையும் எங்கள் முகத்தையும் பார்த்தவுடனே ஏதோ என்று தெரிந்துவிட்டது. வெள்ளையாகக் கசிந்தால் உள்ளே இழுக்கிறது என்று மட்டும் சொன்னேன். தாள் இரண்டையும் மிச்சத் துண்டையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். குழந்தை "எனக்கு எனக்கு" என்று தாவியது. அதற்கும் காட்டினாள்.

பிறகு செக்ரட்டரியிடம் கேட்டாள்: "நாளைக்குப் பசங்க எங்க உக்காருவாங்க ஐயா?"

அவர் பாயைக் காட்டினார். சரியாக இலைக்குக் கீழே. நிறம் அவர்கள் மேல் விழ வேண்டும் என்றுதான் அங்கே போட்டிருந்தார்கள். கௌதமி போய் அந்தப் பாயில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, குழந்தைகள் உட்காரும் மாதிரி. தலையைத் தூக்கி இலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் பச்சை விழுந்திருந்தது. எழுந்து வந்தாள்.

"மேஸ்திரிண்ணா, ஸ்பேனர் கீதா?"

செக்ரட்டரி அவளிடம் கெஞ்சினார். "பாப்பாவோட பள்ளிக்கூடத்த நெனச்சுப் பாரும்மா. மறுபடியும் ரயிலுக்குப் போவியா?" அவர் கெட்ட மனிதரில்லை, அவளுடைய நல்லதைத்தான் நினைத்தார். கௌதமி ஏணியில் ஏறினாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாளோ என்னவோ. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பூர்ணிமா நடந்தது. கூரை ஓட்டை வழியாக வெறும் வெயில் விழுந்து குழந்தைகள் நெளிந்ததால் மேலே ஒரு வேட்டியைக் கட்டினார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. கிண்டல்தான். "இன்னாம்மா, இலை உதிர்ந்துடுச்சா?" என்று பஜாரில் கேட்டார்கள். வருவதாக இருந்த இரண்டு வேலைகள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை கௌதமி ரயிலுக்குப் போனாள். பழைய ஆபீஸில் எடுத்துக்கொள்ளவில்லை, அதைவிடத் தூரமான ஒரு இடத்தில்தான் கிடைத்தது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தை கொஞ்ச நாள் அதன் வாசலில் நின்று அழுதது.

இலையைப் பட்டறைச் சுவரில் சாய்த்து, முன்னால் கம்பி வலை அடித்து வைத்தோம். இனி நான் சொல்லப் போவதைக் கேட்டு என்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பார்ப்பேன். ஒரு துண்டாவது, ஒரு கீறலாவது. அது உடையவில்லை. கோடை போயிற்று, மழை வந்தது, மார்கழிக் குளிர் வந்தது, அது அப்படியே இருந்தது. கௌதமி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வாசலிலேயே கேட்பாள்.

"உடஞ்சுதாக்கா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டிவிட்டு வேலையை எடுப்பாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நான் ஒரு பெண்ணை அவள் குழந்தையிடமிருந்து பிரித்து மறுபடியும் ரயிலில் ஏற்றியிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு 'டிக்' சத்தமும் கொஞ்சம் மங்கல் வெளிச்சமும். அந்த 'டிக்' தகரமாகக்கூட இருக்கலாம். மேஸ்திரி மட்டும் மாறியிருந்தார். பழையபடி தட்டுவார், ஆனால் 'போட்டும்' என்று சொல்லமாட்டார். "சத்தம் நல்லா கீது. நீங்களும் பாத்துடுங்கக்கா" என்பார்.

அடுத்த பூர்ணிமா நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி நாலு பேரோடு வந்தார், ஒரு டெம்போவும் வாசலில் நின்றது. வலைக்குப் பின்னால் இருந்த இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வருஷம் ஆவுது. ஒரு கீறல் இல்ல. இனிமே இன்னாம்மா பயம்? குடுத்துடுங்க. இந்தப் பொண்ணு பேரச் சொல்லியே தெறந்து வெக்கிறோம்" என்றார்.

உண்மையைச் சொன்னால், கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஒரு வருஷமாகச் சந்தேகத்தைச் சுமந்து அலுத்துப்போயிருந்தேன். அது நல்லது என்று யாராவது அடித்துச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இதோ நாலு பேர் சொல்கிறார்கள். கௌதமிக்கும் எல்லாம் திரும்பக் கிடைக்கும். பட்டறைக்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு வருஷம் உடையலன்னா நல்லா கீதுன்னு அர்த்தம் இல்லீங்க ஐயா" என்றாள் அவள். "இன்னும் உடையலன்னுதான் அர்த்தம்."

"அப்ப எத்தினி வருஷம் பாக்கணும்?"

அவள் போய் வலையின் ஆணிகளைக் கழற்றினாள். டெம்போவில் ஏற்றத்தான் கழற்றுகிறாள் என்று இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். குழந்தையை வெளியே அனுப்பி, மேஸ்திரியின் சுத்தியலை எடுத்து, நடுத்துண்டில் ஒரே போடு போட்டாள். பிறகு அடுத்த துண்டு, அடுத்தது. யாரும் தடுக்கவில்லை. இலை முழுவதும் கீழே விழும்வரை நிறுத்தவில்லை.

அந்த நேரத்திலும் என் கண் எதைத் தேடியது தெரியுமா? உள்ளே இழுபறி இருந்த கண்ணாடி வேறு மாதிரி உடைய வேண்டும். சிதறித் தெறிக்க வேண்டும். நான் குனிந்து துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது சாதாரணமாகத்தான் உடைந்திருந்தது. எந்தக் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்தாலும் உடைகிற மாதிரி.

செக்ரட்டரி மெதுவாகக் கேட்டார்: "ஒடைக்கிறதுன்னா போன வருஷமே ஒடச்சிருக்கலாமேம்மா."

"அப்ப எனக்கு மனசு வரலீங்க" என்றாள். "நான் ரயில்ல போயிடுறேன். அக்கா எத்தினி நாளு காவல் காப்பாங்க? என்னிக்காவது ஒரு நாள் நல்லெண்ணத்துலயே யாராவது எடுத்துக்கினு போய் மாட்டிடுவாங்க."

அவர்கள் போன பிறகு என்னிடம் கேட்டாள்: "ஒருவேள நல்லாத்தான் இருந்துச்சோக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் அவள் துடைப்பத்தை எடுத்தாள். கலந்த கண்ணாடி என்பதால் அதை மறுபடியும் எதிலும் போட முடியாது. அத்தனை வீட்டுக் கண்ணாடியையும் கோணியில் கட்டி, பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம்.

அந்த வாரமே பட்டறைக் கூட்டத்தில் நான் ஓய்வு கேட்டேன். முடிந்த வேலையைக் கடைசியாகப் பார்த்து வெளியே விடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதை மேஸ்திரியிடம் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எழுந்து, "எனக்கு வேணாம். அந்தப் பொண்ண ரயில்ல இருந்து எறக்குங்க" என்றார். அப்படியே முடிவாயிற்று.

நீங்கள் செய்துகொண்டு போகும் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். சிலதை வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பாள். உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஏன் என்று கேளுங்கள், பார்த்ததை மறைக்காமல் சொல்லுவாள். நிச்சயமாக உடையுமா என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். தன்னுடைய இலைக்கே அவளுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.